கரிவர்தனின் ரேஸ் காரும் மாருதி கிளட்ச் பிளேட்டும்

இந்திய கார் பந்தய வரலாற்றைப் பெரும்பாலும் ஜெயிச்சவங்க பட்டியலாகத்தான் எழுதியிருக்காங்க. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் ஓட்டிய ரேஸ் கார்ல என்ன எஞ்சின் இருந்ததுன்னு கேட்டா பலருக்கும் ஆச்சரியமா இருக்கும். நம்ம மாருதி 800-ல் இருந்த அதே மூணு சிலிண்டர், 796 சிசி எஞ்சின்தான்.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதன் பந்தயங்கள் பல வருஷம் சோழவரத்தில் நடந்தன. அது இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுபாதை. வசதியானவங்க வெளிநாட்டு கார் கொண்டு வந்து ஓட்டினாங்க. மத்தவங்க ஃபியட்டையும் அம்பாசிடரையும் பட்டறையில் முறுக்கேத்தி ஓட்டினாங்க. இறக்குமதிக்கு லைசென்ஸ் தேவைப்பட்ட காலம் அது. வெளிநாட்டு காரில் ஒரு பாகம் போச்சுன்னா, அடுத்த சீசனுக்கு அந்த வண்டி வருமான்னே சொல்ல முடியாது.

கோவை ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி அணுகினார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருஷத்துக்குள்ள அதன் ஸ்பேர் சின்ன ஊர் கடைகளுக்கும் வந்துவிட்டது. 1980-களின் கடைசியில் அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் வெச்சு, ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி.

சக்தி என்னவோ 40 குதிரைத்திறனுக்கும் குறைவுதான். கார் எடை குறைவா இருந்ததால அதுவே போதுமானதா இருந்தது. உலகத்திலும் இந்த வழி புதுசில்லை. இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன், வாங்கினவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட் காராகவும் கிடைத்தது. 1967-ல் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு, சாதாரண ஃபோர்டு காரின் எஞ்சினை வைத்து ஓடியது. லோட்டஸ் செவனின் வாரிசான கேட்டர்ஹாம், 2013-ல் 490 கிலோ எடையில் ஒரு கார் விட்டது. அதிலும் சுசுகியின் மூணு சிலிண்டர் எஞ்சின்தான்!

என் பார்வையில் கரிவர்தனின் பெரிய சாதனை பராமரிப்பில்தான் இருக்கு. பந்தயம் இல்லாத மாதங்களில் இந்த எஞ்சினுக்குச் செய்ய வேண்டிய வேலை, நம்ம ஊர் மெக்கானிக் தினமும் செய்யிற வேலைதான். முதலில் மூணு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கணும். ஒண்ணுல மட்டும் குறைஞ்சா பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அழுத்தம் ஏறினா ரிங் தேய்ஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். ஹெட் அலுமினியம் என்பதால் சூடேறி வளைஞ்சிருக்கான்னு அளவுக்கோல் வெச்சு பார்க்கணும். டைமிங் பெல்ட்டை மாத்திடறது நல்லது.

கிளட்ச் விஷயத்தில் எங்க மலைக்காரங்களுக்குத் தனி அனுபவம் உண்டு. கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரி போற ஏத்தத்துல, பஸ்ஸுக்குப் பின்னாடி ஹாஃப் கிளட்ச்லயே ஊர்ந்தா, பிளேட் எப்படித் தேயும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். பந்தயத்தின் ஸ்டார்ட்டிலும் அதே சூடு, அதே தேய்மானம். பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ஞ்சா அது ஃபிளைவீலைக் கீறிடும். அதனால கியர்பாக்ஸை இறக்கும்போதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்துடணும், கேபிள் பிளேயையும் சரி பண்ணணும். மழைக்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்தினா, ஈரத்துல பிளேட் ஃபிளைவீலோட ஒட்டிக்கும். கிளட்ச் பெடலை அமுக்கி, கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்துவது பழைய மலை வழக்கம்.

கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். கார்பரேட்டர் போய் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. 2019-ல் ஆம்னியும் நின்றது. இந்த எஞ்சினின் ஸ்பேர் இனி வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். ஸ்பேர் போனால், காதாலயும் கையாலயும் அந்த எஞ்சினைப் படிச்ச தலைமுறையின் அறிவும் கூடவே போயிடும்.

ஜெயிச்ச கோப்பைகளுக்கு ஷோகேஸ் இருக்கு, பட்டறை நோட்டுகளுக்கு இல்லை. எந்த மாசம் எந்த பாகம் மாத்தினாங்க, எத்தனை ரூபாய் ஆச்சுன்னு எழுதின கணக்கு நோட்டுதான் இந்த வரலாற்றுக்கு முதல் ஆவணம். உங்க வீட்லயோ தெரிஞ்ச மெக்கானிக்கிட்டயோ 80, 90-களின் பில் புக், வேலைக் குறிப்பு எது இருந்தாலும் பழைய பேப்பர் கடையில் போட்டுடாதீங்க. மொபைல்ல ஒரு படமாவது எடுத்து வையுங்க.