முகமூடிக்குப் பின்னால் யார்?

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றாலே வகுப்பறையில் அரிஸ்டாட்டிலில்தான் தொடங்குவார்கள். நாயகன் செய்யும் பிழை, அவனது வீழ்ச்சி, பார்ப்பவர் மனதில் எழும் இரக்கமும் அச்சமும். தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் தோழர்களே, அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மேடையில் ஏற யாருக்கு உரிமை இருந்தது?

ஏதென்ஸில் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் டயோனிசஸ் கடவுளுக்குப் பெருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மூன்று கவிஞர்களின் நாடகங்கள் போட்டியிட்டன. பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும், பேசி நடிப்பவர்கள் மூன்று பேர்தான். முகமூடியை மாற்றி மாற்றி நடிப்பார்கள். மூவரும் ஆண்கள். பாடி ஆடும் கோரஸ் குழுவினரும் ஆண்களே, அதிலும் ஏதென்ஸின் குடிமக்கள். பெண்ணுக்கோ அடிமைக்கோ அங்கே இடமில்லை. நகரில் குடியேறி உழைத்து வாழ்ந்த அயலாருக்கும் அந்த விழாவின் கோரஸில் இடமில்லை.

அது அரசியல் விழாவும்கூட. கூட்டணி நகரங்கள் செலுத்திய கப்பப் பணத்தை அரங்கில் எல்லோரும் பார்க்கக் காட்டினார்கள். எதற்காக அழலாம் என்பதையும் நகரமே தீர்மானித்தது. கி.மு. 494இல் ஏதென்ஸின் உறவு நகரமான மிலேட்டஸ் பாரசீகர்களிடம் வீழ்ந்தது. ஃபிரினிகஸ் அதை நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம் விதித்தார்கள், நாடகத்தையும் தடை செய்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இன்று நமக்கு எஞ்சியிருக்கும் துன்பியல் நாடகங்களில் அண்மைக்கால வரலாற்றைப் பேசுவது ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ மட்டுமே. மற்றவை பழங்கதைகளைப் பேசுகின்றன.

ஆனால் பழங்கதையும் நிகழ்காலத்தைச் சுடும். கி.மு. 416-415 குளிர்காலத்தில் மெலோஸ் என்ற சிறு தீவு ஏதென்ஸ் படையிடம் சரணடைந்தது. கைக்குக் கிடைத்த வயதுவந்த ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். இதைப் பதிவு செய்த துசிடிடிஸும் ஏதென்ஸ்காரர்தான். சில மாதங்களில், கி.மு. 415 வசந்தத்தில், யூரிப்பிடிஸின் ‘டிராய் பெண்கள்’ மேடையேறியது.

அந்தக் கதையில் வென்றவர்கள் கிரேக்கர்கள். ஆனால் மேடையில் பேசுவது தோற்றவர்களின் பெண்கள். எந்தப் பெண் எந்தத் தளபதிக்கு அடிமை என்று பங்கு பிரிக்கிறார்கள். ஆண்ட்ரோமகியின் சின்னஞ்சிறு மகனை மதிலிலிருந்து எறிந்து கொல்லப் படை முடிவெடுக்கிறது. துன்பியல் மரபில் பொதுவாகக் கொலையை மேடையில் காட்டுவதில்லை. தகப்பனின் கேடயத்தில் கிடத்தப்பட்ட பிள்ளையின் உடல்தான் பாட்டி ஹெகுபாவிடம் வந்து சேர்கிறது.

மெலோஸை நினைத்துத்தான் யூரிப்பிடிஸ் இதை எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எப்படியானாலும், மெலோஸில் வாள் பிடித்தவர்களும் மக்கள் அவையில் கை உயர்த்தியவர்களும் அன்று அரங்கில் அமர்ந்திருக்காமல் இருந்திருக்க முடியாது. வென்றவர்களை உட்காரவைத்து, தோற்றவர்களின் ஒப்பாரியைக் கேட்கவைத்தது அந்த மேடை. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. நாடகத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு கோடையில் ஏதென்ஸின் கப்பல்கள் சிசிலியைப் பிடிக்கக் கிளம்பின.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அடிமைப் பெண்களின் குரல் என்று நாம் வாசிக்கும் அந்த வரிகளை எழுதியவர் ஒரு குடிமகன், பாடியவர்களும் குடிமக்கள். ஏதென்ஸ் தலைவர் ஆல்கிபியாடிஸ், மெலோஸ் கைதிகளில் ஒரு பெண்ணைத் தனக்கென எடுத்துக்கொண்டு, அவளிடம் பிறந்த மகனை வளர்த்தார் என்கிறார் புளூடார்க். அவளுடைய பெயரை அவர் சொல்லவில்லை. டிராயின் கற்பனைப் பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது. மெலோஸின் உண்மைப் பெண்கள் பேசிய ஒரு சொல்கூட நம்மிடம் வந்து சேரவில்லை.

துன்பியல் நாடகத்தை வாசிக்கும்போது அழுவது யார் என்று பாருங்கள். அந்த முகமூடிக்குள் இருந்தது யாருடைய வாய் என்றும் கேளுங்கள். நமக்காகப் பிறர் பேசியதைப் படிக்கலாம், மதிக்கலாம். நாமே பேசியதாக அதைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.