கடிகாரம் காட்டும் எண் எவ்வளவு நேரானது? ஏடிசி சில்லும் அதன் படிக்கட்டும்

திறன் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை, சிவப்பு விளக்குகள் மின்னும். மேலே திரையில் நாடித்துடிப்பு 72, ஆக்சிஜன் 97 என்று எண்கள் வரும். தோலுக்குள் போய்த் திரும்பும் ஒளியை உணரி மின்னோட்டமாக மாற்றுகிறது. அது அலைபோல் ஏறி இறங்கும். கடிகாரத்திற்குள் இருக்கும் கணினிக்கோ எண்தான் வேண்டும். அலையை எண்ணாக்கும் வேலையைச் செய்வது ஒப்புமை–இலக்கவியல் மாற்றி. தொழிலில் உள்ளவர்கள் அதை ஏடிசி என்றே சொல்வார்கள்.

ஏடிசியை ஒரு படிக்கட்டாக நினைக்கலாம். 12 பிட் என்றால் 4,096 படிகள். 18 பிட் என்றால் 262,144 படிகள். உள்ளே வரும் மின்னழுத்தம் எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியின் எண் வெளியே வரும். எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருந்தால்தான் கணக்கு சரிப்படும். ஒரு படி உயர்ந்தும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் அதற்கு டிஎன்எல் பிழை என்று பெயர். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து படிக்கட்டே நேர்கோட்டிலிருந்து வளைந்துபோனால் அது ஐஎன்எல் பிழை. இரண்டும் குறைவாக இருப்பதே நேரியல் தன்மை. விளம்பரத்தில் பிட் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுவார்கள். படிகள் சமமா என்பதைச் சில்லின் தரவுத்தாளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதில் என்ன பெரிய நட்டம் வந்துவிடும் என்று தோன்றலாம். ஆக்சிஜன் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி 1974-இல் முன்வைத்த முறைதான் இன்றும் அடிப்படை. சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளிலும் இரத்தத் துடிப்பால் மாறும் பகுதியைப் பிரித்தெடுத்து, இரண்டையும் விகிதமாக ஒப்பிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி அசையாமல் நிற்கும். துடிப்பால் மாறுவது ஏறத்தாழ 1 விழுக்காடு. மணிக்கட்டில் பல நேரம் அதற்கும் குறைவு.

12 பிட் ஏடிசியில் மொத்த ஒளி 3,000-ஆவது படியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடிப்பின் உயரம் வெறும் 30 படிகள். அந்த இடத்தில் படிக்கட்டு 3 படி கோணினால் துடிப்பின் அளவு 10 விழுக்காடு தவறும். சிவப்பு ஒளிக்கு மட்டும் அப்படி நேர்ந்தால் விகிதமும் 10 விழுக்காடு தவறும். பாடநூல்களில் வரும் தோராயக் கணக்கு, 110-லிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பது. விகிதம் 0.6 என்றால் ஆக்சிஜன் 95. அதுவே 0.66 என்று அளக்கப்பட்டால் 93.5, 0.54 என்றால் 96.5. கோவிட் காலத்தில் விரலில் கருவியை மாட்டிக்கொண்டு 95-ஐ எல்லையாக வைத்துப் பார்த்த வீடுகளுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும்.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் கறுப்பினத்தவரிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 விழுக்காட்டிலும், வெள்ளையரிடம் எடுத்தவற்றில் 3.6 விழுக்காட்டிலும் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது. இந்தப் பழியை ஏடிசி மீது போட முடியாது. மெலனின் ஒளியை உறிஞ்சுவதும், கருவியை எத்தகைய தோல் உடையவர்களிடம் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள் என்பதும் சேர்ந்த விவகாரம் அது. ஆனால் திரும்பும் ஒளி குறையக் குறையத் துடிப்புக்குக் கிடைக்கும் படிகளும் குறைகின்றன. அங்கே கோணல் படிகளைத் தாங்க இடமில்லை.

படி ஏன் கோணுகிறது? பல சில்லுகளில் உள்ள ஏடிசி, பழைய நகைக்கடைத் தராசைப் போல வேலை செய்கிறது. 1, 2, 4, 8 என இரட்டித்துப் போகும் எடைக்கற்களில் பெரியதை முதலில் வைத்துப் பார்க்கும்; அதிகமானால் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கும். 1954-இல் அமெரிக்காவின் பெர்னார்ட் கோர்டன் இவ்வகையில் செய்த 11 பிட் கருவி, வெற்றிடக் குழாய்களோடு ஏறத்தாழ 68 கிலோ எடை இருந்தது, 500 வாட் மின்சாரம் குடித்தது. இன்று எடைக்கற்களுக்குப் பதில் நுண்ணிய மின்தேக்கிகள். 2,047-லிருந்து 2,048-க்குப் போகும்போது பதினொரு சிறிய மின்தேக்கிகளும் விலகி, பெரியது ஒன்று மட்டும் உள்ளே வருகிறது. அது சற்றே எடை பிசகினாலும் படிக்கட்டின் நடுவே பள்ளம் விழும்.

மின்தேக்கிகளைப் பெரிதாக்கினால் பிசகு குறையும். ஆனால் பிசகைப் பாதியாக்கப் பரப்பு நான்கு மடங்காக வேண்டும், மின்செலவும் கூடும். சின்ன மின்கலத்தோடு மணிக்கட்டில் கிடக்கும் கருவிக்கு அது கட்டாது. ஆகவே பிழையை அளந்து நினைவகத்தில் பதித்து, ஒவ்வோர் அளவீட்டிலும் கழித்துவிடும் முறை பரவலாக உள்ளது. மற்றொன்று, ஒரே மாதிரியான மின்தேக்கிகளை முறை மாற்றிப் பயன்படுத்துவது. தோட்டத்தில் மேட்டு நிரை எப்போதும் ஒருவருக்கே விழாமல் மண்டோர் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பாரம் பரவிவிடும் அல்லவா, அதேபோலப் பிழையும் ஒரே இடத்தில் தேங்காமல் சிதறுகிறது.

இவற்றையெல்லாம்விட அழகான வழி டெல்டா-சிக்மா. 1962-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இனோசே, யசுதா உள்ளிட்டோர் வெளியிட்டது. இதன் எளிய வடிவில் உள்ளே மேல், கீழ் என இரண்டே நிலைகள்தான். இரண்டு புள்ளிகளை இணைத்தால் எப்போதும் நேர்கோடுதான் வரும், கோணவே முடியாது. மிக வேகமாகப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதால் நுட்பம் கிடைக்கிறது. விலையாகக் கொடுப்பது வேகம். இதயத் துடிப்புக்கு நொடிக்குச் சில நூறு அளவீடுகளே போதும் என்பதால் உடலில் அணியும் கருவிகளுக்கு இது பொருந்துகிறது. மாணவர்கள் பள்ளித் திட்டப்பணிகளுக்கு வாங்கும் மேக்ஸ்30102 உணரியில் இருப்பதும் இவ்வகை 18 பிட் ஏடிசிதான்.

சில்லின் நேர்மையைச் சோதிக்கும் வேலை மலேசியர்களுக்குப் புதிதல்ல. 1972-இல் இண்டெல் பினாங்கில் ஆலை திறந்த காலம் தொட்டு, பொதியிடுவதும் சோதிப்பதும் பாயான் லெப்பாஸின் பிழைப்பு. ஏடிசியைச் சோதிக்க, மெதுவாக ஏறும் மின்னழுத்தத்தைக் கொடுத்து ஒவ்வொரு படியிலும் எத்தனை முறை எண் விழுகிறது என்று எண்ணுவார்கள். குறைவாக விழுந்தால் அந்தப் படி குறுகியது. ஒருமுறைகூட விழாவிட்டால் அப்படியொரு படியே இல்லை. 4,096 படிகளை எண்ணிவிடலாம். 262,144 படிகளை ஒவ்வொன்றாக எண்ண நேரமும் காசும் ஆகும். அதனால் குறிப்பிட்ட சில படிகளை மட்டும் பார்த்து அனுப்புவதும் உண்டு.