ஒரு சைக்கிள் எத்தனை தடவை மாநிலம் தாண்டும்?

மார்கழி பிறந்ததிலிருந்து தை கடைசி வரைக்கும் எங்க பக்கம் சைக்கிளுக்கான காலம். சம்பா கதிர் வாங்கி நிற்கும். களை வேலை முடிஞ்சிருக்கும். அறுப்பு மெஷினுக்கு அலையறதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கும். காலையில பனி இறங்கி தார் ரோடு நனைஞ்சு கிடக்கும், வேர்க்காது, மூச்சும் வாங்காது. பாகூரிலிருந்து வில்லியனூர் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். நேரா போனா ஒரு மணி நேரம். நான் நேரா போறதில்லை. சேலியமேடு, ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், மங்கலம்னு எந்தப் பக்கம் டீக்கடையில ஆள் இருக்கோ அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போவேன்.

வெளியூர் ஆளுங்க யாராவது கூட வந்தா ஒரு கேள்வி தவறாம வரும். "அண்ணே, இப்பத்தான் தமிழ்நாடு போர்டு தாண்டினோம். மறுபடியும் புதுச்சேரின்னு எழுதியிருக்கு?" ஆமாம், அப்படித்தான். பாகூரிலிருந்து மேற்கே கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுன்னு சுத்தி வந்தா எத்தனை தடவை மாநிலம் மாறுறோம்னு எண்ணவே முடியாது. ரோட்டில ஒட்டு போட்ட தார் திடீர்னு நிற்கும், அங்கே எல்லை. வயல் நடுவுல வரிசையா சாராயக் கடையும் பிராந்திக் கடையும் வந்தா அது புதுச்சேரியோட கடைசி ஓரம். முள்ளோடை தெரிஞ்சவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 294 சதுர கிலோமீட்டர்தான் மொத்த மாவட்டமே. அதுவும் ஒரே நிலமா இல்லை, பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளா தமிழ்நாட்டுக்குள்ள சிதறிக் கிடக்கு.

இதுக்குக் காரணம் கேட்டா "வெள்ளைக்காரன் குடிச்சுட்டு கோடு போட்டான்" என்று எங்க ஊர்ல ஒரு ஜோக் உண்டு. உண்மையில் யாரும் கோடே போடவில்லை. அதுதான் விஷயம்.

1749ல் சந்தா சாகிபுக்கு துய்ப்ளெக்ஸ் செய்த உதவிக்குக் கைமாறாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. அதுக்கு முன்னாடி அவங்க கையில் இருந்தது கடலோரப் பட்டணமும் அதை ஒட்டின கொஞ்ச ஊரும்தான். பட்டணத்துக்குச் சோறு வேணும், கம்பெனிக்கு வரி வேணும், இரண்டுக்கும் நெல் விளையற பூமி வேணும். பாகூரை இன்றைக்கும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றுதானே சொல்கிறார்கள். அன்றைக்கும் அதே கணக்குதான்.

மூணே வருஷத்தில் சண்டை வயலுக்கே வந்துவிட்டது. 1752ல் பாகூரில் நடந்தது பெரிய யுத்தம். ஆங்கிலேயர் பக்கம் ஸ்டிரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுப் பக்கம் கெர்ஜான். இந்தக் கெர்ஜான் துய்ப்ளெக்ஸுக்கு உறவுமுறையில் மருமகன். துப்பாக்கிமுனைக் கத்தியோடு கைகலப்பாகி, பிரெஞ்சுப் படை தோற்று, கெர்ஜானே பிடிபட்டார். கர்நாடகப் போர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆற்காடு, திருச்சி என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம்ம ஏரி ஓரத்தில் நடந்ததை ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள். ஒரு கல்லோ பலகையோ அங்கே இல்லை. ஏர் ஓட்டும்போது ஏதாவது தட்டுப்படுமா என்று சின்ன வயசில் தேடினதுண்டு, கிடைச்சது ஓட்டாஞ்சில்லுதான்.

வில்லியனூர்க் கோட்டையை 1760ல் கூட் துரையின் படை பிடித்தது. மறு வருஷம் புதுச்சேரியே விழுந்து இடிக்கப்பட்டது. பிறகு திருப்பிக் கொடுப்பது, மறுபடி பிடுங்குவது என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. இதில் நம்ம ஊர்களுக்கு முக்கியமானது 1783ம் வருஷத்து வெர்சாய் ஒப்பந்தம். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதின அந்தக் காகிதத்தில் வில்லியனூர், பாகூர் இரண்டு பேரும் வருகிறது: புதுச்சேரியைச் சுற்றி அதற்கு ஆதாரமாக இருக்க இந்த இரண்டு பகுதிகளையும் வாங்கித் தருவதாக இங்கிலாந்து ஒத்துக்கொண்டது. கடைசியாக நெப்போலியன் தோற்ற பிறகு, 1816ல், பிரெஞ்சுக்காரர்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கினது நிலப்பரப்பாக இல்லை, ஊர்களாக. பட்டியலில் இருந்த ஊர் பிரெஞ்சு, இல்லாத ஊர் இங்கிலீஷ். நவாபு காலத்து வரிக் கணக்கில் எந்த ஊர் எந்தக் கட்டில் இருந்ததோ அதுவே நாட்டு எல்லையாகிவிட்டது. வரி வசூலுக்கு ஊர்கள் விட்டுவிட்டு இருந்தால் ஒன்றும் தொந்தரவில்லை, கணக்குப்பிள்ளை நடந்து போய்விடுவார். அதையே இரண்டு தேசத்துக்கு எல்லையாக்கினால் அண்ணன் பிரான்சிலும் தம்பி இந்தியாவிலும் களத்துமேடு போடவேண்டி வரும். வந்தது.

சைக்கிள் கதைக்குள் வருவது இங்கேதான். எங்க தாத்தா காலத்தில் சைக்கிள் என்றால் ராலே, ஹெர்குலிஸ் என்று சீமைச் சரக்கு. ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுவும் மேர் வீட்டிலோ சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீட்டிலோ. (எங்க பக்கம் கொம்யூன் தலைவரை மேர் என்போம், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை சொல்தா என்போம்.) 1949ல் முருகப்பா குடும்பத்தார் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்து, 1951ல் அங்கிருந்து வண்டி வெளிவந்த பிறகுதான் ஹெர்குலிஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியானவன் கைக்கும் வந்தது.

அதே 1949ல் இன்னொன்றும் நடந்தது. 1941லிருந்து பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்கத்தை ஒன்றாக வைத்திருந்தார்கள். சுதந்திர இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. நேற்று வரை சாதாரண வண்டிப்பாதையாக இருந்த இடமெல்லாம் சுங்கச்சாவடி ஆனது. பிரெஞ்சுப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் மலிவு: கைக்கடிகாரம், துணி, பிராந்தி, தங்கம். அந்தப் பக்கம் அதற்கு நல்ல விலை. எல்லை முழுக்க வயல், வரப்பு, சவுக்குத் தோப்பு. ராத்திரியில் விளக்கு இல்லாமல் சத்தம் இல்லாமல் போகிற வண்டி எது? அம்பத்தூர்க்காரர்கள் இதை விளம்பரத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

தாத்தா கடத்தினாரா என்று கேட்காதீர்கள், நானே கேட்டதில்லை. ஆனால் அவர் சொன்னது ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு எல்லைக்கு அந்தாண்டை அரைக் காணி இருந்தது. (நம்ம கணக்கில் காணி என்றால் 100 குழி, குழி 576 சதுர அடி. ஏக்கரில் சொன்னால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.) அந்த அரைக் காணிக்கு விதை கொண்டுபோக வேண்டும் என்றால் கேரியரில் கட்டின மூட்டையைச் சாவடியில் அவிழ்த்துக் காட்ட வேண்டும். உள்ளே கையை விட்டுத் துழாவுவார்கள். முளை கட்டின விதையைத் துழாவினால் முளை ஒடியும். "தங்கத்தைத் தேடுறேன்னு என் நெல்லை ஒடிச்சான்" என்பார் தாத்தா. சாகும்வரை அந்த ஆத்திரம் அவருக்குப் போகவில்லை. விடுதலைப் போராட்டம் என்றால் அவருக்குக் கொடியும் கோஷமும் இல்லை, அந்த ஒடிந்த முளைதான்.

1954ல் நெருக்கடி முற்றியது. இந்தியா எல்லையை இன்னும் இறுக்கியது. மார்ச் 18ம் தேதி முதலியார்பேட்டை உள்பட பல கொம்யூன்களின் மேர்கள் இந்தியாவோடு சேரவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவராக இருந்த எதுவார் குபேர் கட்சி மாறி, மார்ச் 31ல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். அங்கேயே தற்காலிக அரசும் அமைத்தார். ஏன் நெட்டப்பாக்கம்? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். நெட்டப்பாக்கம் தனித்துண்டு. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே வரவேண்டும் என்றால் இந்திய மண்ணைத் தாண்டித்தான் வரவேண்டும். 1816ல் துண்டு துண்டாக வாங்கின ஊர்கள், துண்டு துண்டாகவே கழன்றன. மண்ணாடிப்பட்டுப் பக்கம் வ. சுப்பையா தலைமையில் கம்யூனிஸ்டுகள் அதே வேலையைச் செய்தார்கள். குபேரைப் பற்றியும் சுப்பையாவைப் பற்றியும் எங்க டீக்கடையில் இன்றைக்கும் சண்டை வரும். நான் சுப்பையா பக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. மில் தொழிலாளிக்காக 1936லேயே நின்றவர் அவர்.

கீழூருக்குக் கட்டாயம் சைக்கிளில் போங்கள். காரில் போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். வில்லியனூரிலிருந்து மங்கலம் பக்கமாக உள்ளே போகிற சின்ன ஊர். 1954 அக்டோபர் 18ம் தேதி அங்கேதான் வாக்கெடுப்பு. சட்டமன்றப் பிரதிநிதிகளும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். சேரலாம் என்று 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அந்த நினைவு மண்டபத்தில் வருஷா வருஷம் ஆகஸ்ட் 16ல் கொடியேற்றுகிறார்கள். மார்கழியில் போனால் யாரும் இருக்க மாட்டார்கள், பக்கத்தில் ஆடு மேயும். அந்த எட்டுப் பேரும் என்ன நினைத்து ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு. ஊர் முழுக்க ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் கை தூக்குவதும் லேசான காரியம் இல்லை.

சாவடி போனது, ஊர்ப் பட்டியல் போகவில்லை. அதே ஊர்கள்தான் இன்றைக்கும் மாநில எல்லை. நெல் போடுகிறவனுக்கு அது இன்னும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கொள்முதல் நிலையத்தில் நம்ம நெல்லை இறக்கினால் எந்த ஊர் சிட்டா என்பார்கள். எதிர் வரப்பில் விளைந்த அதே ரகம், அதே ஈரப்பதம், ஆனால் காகிதம் வேறு.

எல்லை வைப்பது எப்படி என்று தெரியாத ஊரா இது என்றால், இல்லை. பாகூர்ச் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு. ஐந்து ஏடுகள், வளையம், நந்தி முத்திரை. பாகூரில் இருந்த கல்விச்சாலையின் செலவுக்காக சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூணு ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. கரையாம்புத்தூர் பக்கம் கடுவனூர் என்று ஒரு ஊர் இன்றைக்கும் இருக்கிறது, அந்தப் பேரைக் கேட்கும்போதே செப்பேடு ஞாபகம் வரும். தமிழ்ப் பகுதியில் எல்லைகளைத் திசை திசையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊர் கொடுத்தால் நாட்டார் நேரில் எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறிப்பார்கள். இந்தக் குளம் யாருக்கு, இந்தக் கால்வாய் யாருக்கு என்பதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த ஏடுகள் 1879ல் பிரெஞ்சு நீதிபதி ஒருவர் கண்ணில் பட்டு, இப்போது பாரீசில் இருக்கின்றன. மூலநாதர் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டுகளைத் தூக்கிப்போக முடியவில்லை, அதனால் தப்பித்தன. கன்னரதேவன் என்ற ராஷ்டிரகூட ராஜா பேர்கூட அந்தச் சுவரில் உண்டு. வடக்கே திரிபுவனையில் ராஜாதிராஜன் காலத்தில், 1048ல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு ஏற்பாடு செய்த கல்வெட்டு இருக்கிறது. ஒரே நாள் சைக்கிள் சுற்றில் இரண்டு பழைய கல்லூரி.

1816ல் எல்லை நடந்து பார்த்திருந்தால் பங்காரு வாய்க்காலைப் பார்த்திருப்பார்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் இந்த வாய்க்கால் வழியாகத்தான் வருகிறது. பங்காரு, சிங்காரு என்று இரண்டு பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டினது என்று பாட்டிமார் கதை. தலைமதகு இருப்பது சொர்ணாவூர் அணைக்கட்டில். அது தமிழ்நாடு. ஏரியும் ஆயக்கட்டும் புதுச்சேரி. தண்ணீர் பிறக்கிற இடம் ஒரு நாடு, குடிக்கிற இடம் இன்னொரு நாடு என்று அன்றைக்கு ஆனது, இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது. வாய்க்காலில் தூர் வாரவேண்டும் என்றால் இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கத்து அதிகாரிக்கு எழுதவேண்டும், பதில் வரவேண்டும். அதுக்குள்ள ஐப்பசி வந்துடும்.

ஊசுட்டேரியும் இதே கதை. ஏறக்குறைய பாதி ஏரி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. 2008ல் புதுச்சேரி தன் பாதியைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. ஊசிவால் வாத்துக்கும் நாமக்கோழிக்கும் எந்தப் பாதி என்று தெரியாது, அது பாட்டுக்கு நீந்துகிறது. தை மாதம் காலை ஏழு மணிக்குள் போனால் கரையிலிருந்தே பார்க்கலாம்.

2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகினபோது, சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வெள்ளம். அந்த மார்கழியில் சைக்கிள் சுற்று கிடையாது. சில இடத்தில் ரோடே இல்லை, வயலில் கணுக்கால் அளவு மணல். அணை அங்கே, ஆறு இங்கே. எவ்வளவு திறந்தார்கள், எப்போது சொன்னார்கள் என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓடுகிறது.

இந்த வருஷம் யாராவது வருவதாக இருந்தால் வழி சொல்கிறேன். பாகூர் ஏரிக்கரையில் ஏறுங்கள், கோயிலைப் பார்த்துவிட்டு மேற்கே கரையாம்புத்தூர் போங்கள். அங்கிருந்து விசாரித்துக்கொண்டே சொர்ணாவூர். அணைக்கட்டில் தண்ணீர் பிரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு, வாய்க்காலோடு கீழே இறங்கி வாருங்கள். இடையில் எல்லை எங்கே வருகிறது என்று தண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மண்வெட்டி பட்ட கரை எங்கே முடிந்து, நெய்வேலிக் காட்டாமணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் சில இடத்தில் தெரியும். டியூப் ஒட்டுற சாமானும் பம்பும் கையில் இருக்கட்டும், அந்த வழியில் கருவேல முள் அதிகம், பஞ்சர் கடை ஏம்பலம் வந்தால்தான்.