கூண்டு முயலும் வேலித் தழையும்

இங்கிலாந்து தேசத்து ஏழைக் குடியானவன் தன் வீட்டுக் கொல்லையில் மரப்பெட்டி அடித்து முயல் வளர்ப்பது பழைய வழக்கம். அந்தப் பிராணிக்கு எந்தத் தழையைப் போடலாம், எதைப் போடலாகாது என்ற ஞானமோ, எந்தக் கலாசாலையிலும் போதிக்கப்படாமல், சாக்குப்பையோடு வேலியோரங்களில் திரிந்த சிறுவர்களுக்குப் பெரியவர்கள் வாய்மொழியாக அளித்த சொத்தாகவே இருந்து வந்தது.

அந்தச் சொத்தில் ஒரு பகுதியை ஏட்டில் ஏற்றியவர் வில்லியம் காபெட் என்னும் பத்திரிகாசிரியர். 1820-களின் தொடக்கத்தில் குடிசைவாசிகளின் இல்வாழ்க்கைச் சிக்கனத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் முயலுக்கும் இடம் கொடுத்தார். ஒரே தழையை ஓயாமல் போடுவதைவிடப் பலவகைத் தழைகளைக் கலந்து கொடுப்பதே சிலாக்கியம் என்பதும், பால்குடி மறந்த குட்டிகளுக்கு நீர்ச்சத்து மிகுந்த தழையை மிதமிஞ்சிக் கொடுத்தால் நாசம் விளையும் என்பதும் அவருடைய அபிப்பிராயங்கள். இன்றைய கால்நடை வைத்தியர் இவற்றை மறுக்கமாட்டார். ஆனால் காபெட் தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்ட ஐவிக் கொடியை மட்டும் விஷமென்று விலக்கிவிடுவார்.

காபெட் மெச்சிய மற்றொரு செடி ஹாக்வீட். முயல் அதை ஆசையோடு தின்னும். ஆயினும் சாக்ரடீஸின் உயிரைக் குடித்ததாகச் சரித்திரம் கூறும் ஹெம்லாக்கும் அதே கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் குடை விரித்தாற்போன்ற வெண்பூங்கொத்துகள் உண்டு. தண்டைத் தடவிப் பார்க்கும்போது வரியோடிச் சுணையாக உறுத்துமாயின் அது ஹாக்வீட். வழவழப்பாக இருந்து, ஊதாத் திட்டுகள் தெறித்திருக்குமாயின் ஹெம்லாக். தழை பறிக்கிறவனின் கல்வியெல்லாம் இத்தகைய விரல்நுனிக் கல்விதான்.

இரண்டாம் உலக மகாயுத்தம் இந்தக் கல்வியை நகரத் தெருக்களுக்கும் கொண்டு சென்றது. 1940 மார்ச்சில் இறைச்சிக்குப் பங்கீடு விதிக்கப்பட்டபோது முயல் அதில் அடங்கவில்லை. முயல் சங்கங்களில் சேர்ந்து, வளர்த்தவற்றில் பாதியை விற்பனைக்கு விட இசைந்தவர்களுக்குத் தவிடு கிடைத்தது. மற்ற ஆகாரமெல்லாம் தோட்டத்திலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் வரவேண்டியதாயிற்று. முட்டைக்கோஸின் வெளியிலை, காரட் தழை, டாண்டலியன் ஆகியவை பெட்டிக்குள் சென்றன. முட்டைக்கோஸ் மிகுந்தால் வயிறு உப்பும் என்பதையும், குவித்து வைத்துப் புழுங்கிச் சூடேறிய தழை ஆகாது என்பதையும் வளர்த்தவர்கள் அனுபவத்தில் அறிந்தார்கள்.

1953-ல் மிக்சோமடோசிஸ் என்னும் கொள்ளைநோய் அந்நாட்டின் காட்டுமுயல்களை வாரிக்கொண்டு போகத் தொடங்கியது. மறுவருஷம் ஜூலையில் இறைச்சிப் பங்கீடும் ஒழிந்தது. முயல் இறைச்சியில் ஜனங்களுக்கிருந்த பிரியம் குறையக் குறைய, பெட்டி முயல் குழந்தைகளின் செல்லப் பிராணியாயிற்று. சாக்குப்பை போய்த் தீனிமூட்டை வந்தது. கலவைத் தீனியில் ருசியான தானியத்தை முயல் பொறுக்கித் தின்று மற்றதை ஒதுக்கிவிட, ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் மென்று தேய வழியின்றிக் கோணி வளர்ந்து நோவு கொடுக்கலாயின. உலர்ந்த புல்லே பிரதான ஆகாரம், பசுந்தழை அதற்குத் துணை, தானியம் அற்பம் என்று வைத்தியர்களும், 1988-ல் கலிபோர்னியாவில் தோன்றிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி போன்ற சங்கங்களும் எடுத்துச் சொல்லவேண்டிய நிலை இவ்வாறு ஏற்பட்டது.

ஏழைச் சிறுவர்கள் அறிந்திருந்ததை வசதி வந்தபின் மறந்து, பிறகு வைத்தியருக்குப் பணம் கொடுத்துத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தின் சாரம். முயல் வளர்க்கும் அன்பர்கள் புல்லைத் தாராளமாக வைத்து, கீரையைப் பலவகையாக மாற்றி, புதிய தழை எதுவாயினும் முதலில் சிறிதளவே கொடுத்துப் பார்க்கவேண்டும். இன்னதென்று திட்டமாகத் தெரியாத இலையைக் கூண்டருகே கொண்டுபோகவே கூடாது.