ஒப்பிட்டுப் பார்த்தல்

புதிதாக ஒரு மரபணுவின் எழுத்துவரிசை கைக்கு வந்ததும் உயிரியலாளர் அதைத் தரவுத்தளங்களில் தேடிப் பார்க்கிறார். இதன் பயனை உலகம் உணர்ந்தது 1983இல்.

மனிதருக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவான மூதாதைகள் உண்டு. அவர்களின் புரத வரிசைகள் காலப்போக்கில் எழுத்து எழுத்தாக மாறினாலும் சாயல் அழிவதில்லை. சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இரண்டு ஏடுகள் வரிக்கு வரி ஒத்துப்போனால் அவற்றுக்கு மூல ஏடு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒப்பிட ஏடுகள் ஓரிடத்தில் சேர வேண்டுமே! அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் 1965இல் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அமினோ அமிலத்துக்கு ஓரெழுத்து என்னும் குறியீடும் அவர் தந்ததே. அன்று பலர் இதை ஆராய்ச்சியாகவே மதிக்கவில்லை. குமாஸ்தா வேலை என்று எண்ணினர். கலிஃபோர்னியாவின் ரஸ்ஸல் டூலிட்டில் அந்தத் தொகுப்போடு நிற்காமல், புதிய வரிசைகளைத் தாமே கணினியில் ஏற்றிவந்தார். தட்டச்சு செய்வதில் அவருடைய சிறு மகனும் கைகொடுத்தான்.

வைரஸ்களின் புற்று மரபணுக்கள் உண்மையில் ஓம்புயிரின் செல்களிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டவை என்பதை பிஷப், வார்மஸ் குழுவினர் 1976இலேயே காட்டியிருந்தனர். குரங்குகளில் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸிடம் 'சிஸ்' என்றொரு மரபணு இருந்தது. செல்லில் அதன் அன்றாட வேலை என்னவென்றுதான் தெரியவில்லை. 1983இல் இரத்தத் தட்டணுக்களிலிருந்து பிரித்தெடுத்த வளர்ச்சிக் காரணியொன்றின் பகுதி வரிசை வெளியாயிற்று. காயம்பட்ட இடத்தில் செல்களைப் பெருகச் சொல்லும் புரதம் அது. டூலிட்டில் அதைத் தம் தொகுப்போடு ஒப்பிட்டார். சிஸ் வந்து நின்றது!

புண்ணை ஆற்றும் கட்டளையை வைரஸ் ஓயாமல் ஒலிக்கச் செய்கிறது. செல்கள் நிறுத்தாமல் பெருகுகின்றன. இரண்டு வரிசைகளையும் கண்டறிந்தவர்கள் வெவ்வேறு கேள்விகளோடு உழைத்தவர்கள். விடை அவர்களுக்கு நடுவே கிடந்தது. லண்டனில் வாட்டர்ஃபீல்டின் குழுவும் தனியே இதே முடிவுக்கு வந்தது. இரு கட்டுரைகளும் அந்த ஜூலையிலேயே அச்சேறின.

தேடலில் கிட்டும் ஒற்றுமையெல்லாம் உறவாகிவிடாது. குறுகிய வரிசைகள் தற்செயலாகவும் ஒத்துப்போகும். பின்னாளில் வந்த நிரல்கள் அந்தத் தற்செயலின் வாய்ப்பையும் கணக்கிட்டே விடை தருகின்றன.

ஜூலையின் செய்தியைக் கேட்க டேஹாஃப் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், 57 வயதில், மாரடைப்பால் இறந்துபோயிருந்தார்.