கழுதை வழக்கும் பஸ் விபத்தும்

மோட்டார் சைக்கிளும் பஸ்ஸும் மோதினால் சந்தியிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "பெரிய வாகனம்தான் பிழை." சட்டம் அப்படிச் சொல்கிறதா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒருவர் வீடு திருத்துவதற்காகப் பாதையின் குறுக்கே கம்பொன்றைப் போட்டிருந்தார். மங்கல் நேரத்தில் குதிரையில் விரைந்து வந்தவர் அதில் மோதி விழுந்தார். அவரும் கவனமாக வரவில்லை என்று 1809இல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நம் பக்கமும் பிழையிருந்தால் சல்லிக்காசும் இல்லை என்பதே அன்றைய விதி.

1842இல் இன்னொரு வழக்கு. முன்கால்கள் கட்டிப் பாதையில் விடப்பட்ட கழுதையை வேகமாக வந்த குதிரை வண்டி மோதிக் கொன்றது. கழுதைக்காரர் பிழை செய்திருந்தாலும், கவனமாக ஓட்டி விபத்தைத் தவிர்த்திருக்கக் கூடியவர் வண்டிக்காரரே என்று தீர்ப்பானது. நம் சந்தித் தீர்ப்பும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டிலும் ஒருவருக்கு முழு வெற்றி, மற்றவருக்கு முழுத் தோல்வி. இதை 1945இல் இங்கிலாந்து மாற்றியது. இலங்கை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றியது. இப்போது பிழை பங்கிடப்படுகிறது. நட்டம் 10 இலட்சம், மோட்டார் சைக்கிள் ஓட்டியவரின் பிழை 30 வீதம் என்றால் அவருக்கு 7 இலட்சம்.

ஆகவே தம்பிமாரே, பஸ் பெரியது என்பதற்காக உங்கள் வேகம் கணக்கில் வராமல் போகாது. பெற்றோரே, "உங்கட மகனும் பிழைதானே" என்று யாராவது தாளை நீட்டினால், ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.