ஓய்விலிருக்கும் அணுவும் எச்.ஐ.வி. வைரஸும்

நோய் எதிர்ப்பு சக்தியை எவ்வளவு தூண்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். எச்.ஐ.வி. விஷயத்தில் இந்தக் கணக்கு தவறிவிடுகிறது.

இரத்த வெள்ளையணுக்களில் சி.டி.4 என்றொரு வகை உண்டு. கிருமிகள் நுழைந்தால் மற்ற பாதுகாப்பு அணுக்களை வழிநடத்துபவை இவையே. எச்.ஐ.வி. குறிவைத்துத் தாக்குவதும் இவற்றைத்தான். கிருமி இல்லாத காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஓய்வில் இருக்கும். கிருமி வந்ததும் தூண்டப்பட்டுப் பெருகத் தொடங்கும்.

ஓய்விலிருக்கும் அணுவில் இந்த வைரஸால் எளிதில் நிலைகொள்ள முடியாது. அது தன் மரபுப் பொருளை டி.என்.ஏ. வடிவில் படியெடுத்தாக வேண்டும். அதற்கான மூலப்பொருட்கள் அங்கே மிகக் குறைவு. அவற்றைச் சிதைக்கும் சாம்ஹெச்டி1 என்ற புரதமும் அங்கே காவல் இருக்கிறது. தூண்டப்பட்ட அணுவிலோ மூலப்பொருட்கள் நிறைந்திருக்கும். வைரஸ் நுழையும் வாசலான சி.சி.ஆர்.5 ஏற்பியும் கூடுதலாக இருக்கும்.

கென்யாவின் நைரோபி நகரில் 1980களில் தொடங்கிய ஆய்வொன்று இதற்குச் சான்று. பாலியல் தொழிலில் இருந்த பெண்களை நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகமும் பல ஆண்டுகள் கவனித்தன. மீண்டும் மீண்டும் வைரஸை எதிர்கொண்டும் சிலருக்குத் தொற்றவே இல்லை. அவர்களுடைய சி.டி.4 அணுக்கள் மற்றவர்களுடையதைவிட அமைதியான நிலையில் இருந்தது பின்னர் தெரியவந்தது.

இதில் நமக்கான பாடம் என்ன? பால்வினை நோயால் புண்ணோ அழற்சியோ ஏற்பட்டால், தூண்டப்பட்ட சி.டி.4 அணுக்கள் அவ்விடத்தில் திரளும். புண் வழியே நுழையும் வைரஸுக்கு அவை ஆயத்தமான இரையாகின்றன. ஆகவே வெள்ளைப்படுதல், புண், எரிச்சல் போன்றவற்றை வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. கணவன், மனைவி இருவருமே சிகிச்சை பெற வேண்டும். கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற குடும்பப் பெண்கள் ஏராளம். தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு இரகசியமாகக் காக்கப்படும்.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காண அவை உடலுக்குப் பயிற்சி தருகின்றன. அந்தத் தூண்டல் தற்காலிகமானது, பின்னர் அடங்கிவிடும். நாம் கவனிக்க வேண்டியது, சிகிச்சையின்றி நீடிக்கும் அழற்சியைத்தான்.